கச்சா எண்ணெய் மிதக்குமாம்! (கலமசூ ஆறு, 2010)

அடிவண்டல்:
பக்கத்து இழையில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "குழாய் உடைஞ்சா என்ன, எண்ணெய் மிதக்கும், மிதவை (தண்ணீர்மேல் மிதக்கிற தடுப்பு வேலி) கட்டி அள்ளிடலாம்." 2010 ஜூலை 25, அமெரிக்காவின் மிச்சிகனில் மார்ஷல் ஊர்ப்பக்கம் என்பிரிட்ஜ் என்ற கனடா நிறுவனத்தின் 6பி எண்ணெய்க் குழாய் உடைந்தது. 30 அங்குலக் குழாய், இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளவு, 20,082 பீப்பாய் எண்ணெய். டால்மட்ஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றில் இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. 2013-லும் தூர்வாரச் சொல்லி உத்தரவு போட்டார்கள். மிதக்கிற எண்ணெய்க்கு எதுக்குங்க தூர்வாரல்?

வால்வுக்காரன்:
அந்த மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். அந்தக் குழாயில் போனது தார்மணல் பிட்டுமன், அதாவது மணலிலிருந்து பிரித்தெடுக்கிற தார் மாதிரி கெட்டி எண்ணெய். தனியா ஓடாது, தேன் மாதிரி நிற்கும். அதனால் லேசான கரைப்பான் கலந்து தள்ளுவார்கள். கலவையின் அடர்த்தி 0.93-க்குப் பக்கம், தண்ணீர் 1. ஆக மிதக்கும். அப்போது ஆற்றில் வெள்ளம். கலக்கலில் எண்ணெய்த் துளி வண்டலோடு ஒட்டிக்கொண்டது, வண்டல் இழுத்துப் போனது. மூழ்கியது சேறு, எண்ணெய் இல்லை.

ஆழிமகன்:
கரைப்பான் கலந்த பிட்டுமனும் சாதாரண கச்சாவும் ஒன்றா? முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு பண்ணிட்டு...

அடிவண்டல்:
"மூழ்கியது சேறு, எண்ணெய் இல்லை." இதைக் கல்வெட்டில் வெட்டி வைக்கணும். கரைப்பான்தான் முதலில் ஆவியாகும், பென்சீன் என்கிற நச்சுப் பொருளும் அதில்தான். அது போனால் மிஞ்சுகிற பிட்டுமனின் அடர்த்தி 1-ஐத் தொடும். அப்புறம் ஒரு சிட்டிகை வண்டல் போதும்.

வால்வுக்காரன்:
ஒரு சிட்டிகை என்றாலும் வண்டல் வேணுமில்ல? கனடா அரசின் 2013 ஆய்வைப் பாருங்க. ஆவியான பிறகும் மிதந்தது. நுண்வண்டலோடு அலையில் அடித்துக் கலக்கினபோதுதான் இறங்கியது. மூழ்கியது சேறு.

அடிவண்டல்:
அது உப்புத் தண்ணீர் சார்! கடல்நீர் 1.025. கலமசூ நல்ல தண்ணீர் ஆறு. தராசை மாத்தி வெச்சுட்டு எடை சரின்னா எப்படி?

பத்துநிமிடம்:
மிதந்ததா மூழ்கியதா என்று நீங்க அடிச்சுக்கிறீங்க, வெளியே வந்ததே எதனால்னு யாரும் பேசல. கனடாவில் எட்மன்டனில் இருந்த என்பிரிட்ஜ் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடித்தது. குழாய்க்குள் எண்ணெய்த் தொடர் அறுந்து ஆவி நிற்கிறது என்று நினைத்து மறுபடி பம்பை ஓட்டினார்கள், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கொட்டியதில் 81 சதவீதம் அந்த இரண்டு ஓட்டத்தில்தான். காரணம் விளங்காவிட்டால் 10 நிமிடத்தில் நிறுத்தணும் என்பது அவர்களுடைய விதியே. 17 மணி நேரம் கழித்து, வேறொரு எரிவாயு நிறுவனத்து ஆள் போன் பண்ணித்தான் தெரிந்தது.

வால்வுக்காரன்:
அலாரத்தை நான் மறுக்கலையே. பிளவுக்குக் காரணம் பாலிஎத்திலீன் நாடாப் பூச்சு. நீளவாக்கு வெல்டு மேட்டில் கூடாரம் மாதிரி தூக்கிக்கிட்டது, அடியில் ஈரம் நின்றது. அரிப்பைத் தடுக்க விடுகிற மின்னோட்டம் நாடாவைத் தாண்டி இரும்பைத் தொடல. அதெல்லாம் சரி. கேள்வி மிதந்ததா என்பது.

பத்துநிமிடம்:
2005 சோதனையிலேயே அந்த இடத்தில் 51.6 அங்குலக் கோளாறு பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்க்கல. அதுவும் சேறா?

மீனவநண்பன்:
எண்ணூரில் 2017-ல் வாளியில் அள்ளினாங்களே, அப்ப இந்த மிதவை எல்லாம் எங்க போச்சு?

வால்வுக்காரன்:
அது கப்பல் மோதல், கப்பல் எரிபொருள். குழாய் இழையில் கப்பலை ஓட்டாதீங்க. போன மாசம் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) இழையிலும் இதையேதான் செஞ்சீங்க.

மீனவநண்பன்:
போன மாசம் மன்னிப்பு கேட்டது யாருன்னு அங்கேயே இருக்கு.

அடிவண்டல்:
மிதவைக்கே வருவோம். ஓட்டம் நொடிக்கு 35 சென்டிமீட்டரைத் தாண்டினால், குறுக்கே கட்டின மிதவைக்கு அடியிலேயே எண்ணெய் நழுவிடும். சாய்த்துக் கட்டணும். சிறு ஓடை என்றால் மண் அணை போட்டு அடியில் குழாய் வைக்கணும், கீழ்த்தண்ணீர் போகும், மேலே எண்ணெய் நிற்கும். மிதக்கிறதுக்கே இத்தனை பாடு. மூழ்கினதை எப்படித் தேடினாங்க தெரியுமா? கழியை ஆற்றடியில் குத்திக் கிண்டி, எண்ணெய்ப் படலம் மேலே வருதான்னு பார்த்தாங்க. வந்த இடத்தில் கலக்கி விட்டாங்க, கடைசியில் வண்டலோடு அள்ளினாங்க. மார்ரோ ஏரி முகத்துவாரம் வரை.

வால்வுக்காரன்:
கிண்டினால் மேலே வந்தது என்கிறீர்களே. அப்போ அது மிதக்கிற பொருள்தானே? உங்க வாயாலேயே வந்துருச்சு.

அடிவண்டல்:
ஐயோ கடவுளே.

ஆழிமகன்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

வால்வுக்காரன்:
2016-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமிகள் இந்தப் பிட்டுமன் கலவைக் கசிவு பற்றி விட்ட அறிக்கையைத் தூக்கிட்டு அடுத்து யாராவது வருவீங்க. வாங்க. அதிலும் வண்டல் இருக்கு. மூழ்கியது சேறு.