குன்னூர் பழைய சாமான் கடையில் மூன்று மை பேனாக்கள்

போன நவம்பர். குன்னூரில் மூன்று நாளாக விடாத மழை. மார்க்கெட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் ஒதுங்கினேன். கடைக்கார அண்ணன் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். "துரை பங்களா சாமான் சார். மூணும் சேத்து ரெண்டாயிரம் குடுங்க." உள்ளே மூன்று மை பேனா. ஒன்றுகூட எழுதாது.

கை முதலில் போனது பளபளவென்று இருந்ததுக்குத்தான். பச்சைக் கோடு ஓடிய செல்லுலாய்டு உடம்பு, பொன் நிறக் கிளிப். மூடியைக் கழற்றி விளிம்பை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து மெல்லச் சுற்றினேன். கிளிப்புக்கு எதிர்ப்பக்கம் தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் வருடினால் தட்டியது. கீறல் என்றால் தேய்த்து எடுத்துவிடலாம். இது விரிசல், மூடித் திறக்கத் திறக்க மேலே ஏறும். லென்ஸ் வைத்து நிப்பைப் பார்த்தால் நுனியில் இருக்க வேண்டிய இரிடியம் மணியில், அதாவது தாளில் உரசும் கெட்டி உலோகப் பொட்டில், பாதியைக் காணோம். மணி போன நிப்புக்குப் புதிதாக வைக்க ஆகும் செலவு, இந்த மாதிரிப் பேனாவின் விலையையே தாண்டிவிடும். மனசில்லாமல் திரும்ப வைத்தேன்.

அடுத்தது, மை உறிஞ்ச லீவர் வைத்த கறுப்பு எபோனைட் பேனா. எபோனைட் என்றால் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டுப் பழுப்பேறியிருந்தது. லீவர் அசையவில்லை. உள்ளே மை நிற்கும் ரப்பர் பை இறுகிப்போயிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பழுதுக்குப் பயப்படவே வேண்டாம், புதுப் பை மாட்டினால் சரி. நிப்பு 14 காரட் தங்கம், பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டம்.

மூன்றாவதைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்க்கர் 51! 1941இல் வந்த மாடல். இது 1948க்கு அப்புறம் வந்த, அமுக்கி மை உறிஞ்சும் வகை. இதன் பை ரப்பர் இல்லை, பிளாஸ்டிக். அதனால்தான் எழுபது வருஷம் கழித்தும் பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. உடம்பைத் திருகிக் கழற்றி அமுக்கினேன். பை மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. பேரம் பேசி, இரண்டையும் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன்.

பார்க்கரை அன்று ராத்திரி பச்சைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தேன். டம்ளருக்குள் நீலம் புகை மாதிரி இறங்கியது. நாலு தடவை தண்ணீர் மாற்றினேன். மறுநாள் எழுதியது.

எபோனைட்டில்தான் தப்புப் பண்ணிவிட்டேன். நிப்பைப் பிடித்திருக்கும் அதன் கழுத்து திருகு இல்லை, இறுக்கிச் செருகியது. மலைக் குளிரில் எபோனைட் விறைத்துக் கிடக்கும் என்று தெரிந்தும், ஹேர் டிரையரில் சூடு காட்டாமல் முறுக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். உடம்பின் வாயில் விரிசல். இன்றைக்கும் அந்தச் சத்தத்தை நினைத்தால் வலிக்கிறது. தயவுசெய்து பொறுமையாகச் சூடு காட்டுங்கள். அதற்காக வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், எபோனைட் இன்னும் வெளுத்துவிடும்.

உள்ளேயிருந்து பழைய பை தேயிலைத் தூள் மாதிரி கொட்டியது. பையை அழுத்துகிற பட்டையில் துரு ஏறியிருந்தது, தேய்த்தேன். மர பாலிஷுக்கு வாங்கும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் புதுப் பையை ஒட்டினேன். அருமையாக எழுதுகிறது. ஆனால் விரிசல் இருப்பதால் சட்டைப் பையில் வைப்பதில்லை, மேசையை விட்டு நகராது.

பச்சைப் பேனா இன்னும் அதே டப்பாவில்தான் இருக்கிறது. போன வாரம் அண்ணன் முந்நூறுக்கே தருகிறேன் என்றார். மூடியை மறுபடி டியூப்லைட்டில் சுற்றிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.