இசப்கோல் குடித்தும் மலச்சிக்கல் கூடுகிறது: எங்கே தவறு செய்கிறேன்?

தூறல்:
எல்லாருக்கும் வணக்கம். மலச்சிக்கலுக்காக 9 நாளாக இசப்கோல் தூள் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் நாளிலிருந்து வயிறு உப்பிப்போய், முன்பைவிட மோசமாக அடைத்துக்கொண்டது. நேற்றும் இன்றும் போகவே இல்லை. இரண்டு கரண்டித் தூளை அரை டம்ளர் தண்ணீரில் போட்டு, படுக்கப் போகும் முன் குடிக்கிறேன். கலக்கி முடிப்பதற்குள் பசை மாதிரி இறுகிவிடுகிறது. பாதியைக் கரண்டியால் வழித்துத்தான் விழுங்குகிறேன். வயிற்றை இளக்கும் என்று சொல்லப்படும் பொருள் எனக்கு மட்டும் ஏன் இப்படி?

கிளிஞ்சல்:
முதலில் ஒன்று சொல்லுங்கள். கடுமையான வயிற்று வலி, வாந்தி, காற்றுகூடப் பிரியாத நிலை, மலத்தில் இரத்தம், தொண்டையிலோ நெஞ்சிலோ ஏதோ சிக்கிய உணர்வு, இவற்றில் ஏதாவது உண்டா? ஒன்று இருந்தாலும் இங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால், நீங்கள் சொல்வது எந்தக் கரண்டி?

தூறல்:
நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை. காற்று பிரிகிறது. மேசைக்கரண்டி.

கிளிஞ்சல்:
சரி, சிக்கல் அங்கேதான். ஒரு மேசைக்கரண்டி என்பது 3 தேக்கரண்டி. நீங்கள் முதல் நாளே 6 தேக்கரண்டியில் ஆரம்பித்திருக்கிறீர்கள், அதுவும் அரை டம்ளர் தண்ணீரில்.

ஒரு தேக்கரண்டித் தூளை ஒரு டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். பிறகு டம்ளரைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடாது, மொத்தமாக ஒரு கட்டி நகரும். இசப்கோலின் வேலையே இதுதான். விதையின் மேல்தோலில் இருக்கும் நார், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழ்மமாகிறது. குடல் கிருமிகள் அதை அதிகம் நொதிக்கவைப்பதில்லை என்பதால் அந்த ஈரத்தோடு கடைசிவரை போய் மலத்தை மெத்தென்று வைக்கிறது. தண்ணீர் போதவில்லை என்றால் அதே நார் அடைப்பாக மாறிவிடும். குடலில் மட்டுமல்ல, தொண்டையிலும் அடைக்கும். கரண்டியால் வழித்து விழுங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். எனக்கு மிகவும் பயம் தந்த வரி அதுதான்.

இப்போதைக்குத் தூளை நிறுத்தி, தண்ணீர் குடித்து, நடந்து, வயிறு வழிக்கு வரட்டும். இன்னும் ஓரிரு நாளில் போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சரியான பிறகு ஒரு தேக்கரண்டி, நாளுக்கு ஒரு வேளை, குறைந்தது 240 மில்லி தண்ணீரில். கலக்கியதும் நிற்காமல் குடித்துவிடுங்கள், அப்புறம் இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். பலன் தெரிய 12 முதல் 72 மணி நேரம் ஆகலாம், மறுநாளே எதிர்பார்த்து அளவைக் கூட்டாதீர்கள். ஒரு வாரம் அதே அளவு, தேவைப்பட்டால் அப்புறம் கொஞ்சம் கூட்டலாம்.

வெண்மேகம்:
ஒரு சின்னச் சேர்க்கை. இசப்கோல் உமியும் (அரைக்காத மேல்தோல்) தூளும் ஒன்றல்ல. அதே கரண்டியில் தூள் எடை அதிகமாக நிற்கும். கரண்டிக் கணக்கைவிட டப்பாவில் போட்டிருக்கும் கிராம் கணக்கைப் பாருங்கள்.

தூறல்:
நன்றி, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இரவில் வேண்டாம் என்றால் காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் குடித்துவிடவா?

கிளிஞ்சல்:
வேண்டாம், கேட்டது நல்லதாகப் போயிற்று! அந்தக் கூழ்மம் மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். பொதுவாக மற்ற மருந்துகளுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேர இடைவெளி சொல்வார்கள். தைராய்டு மாத்திரைக்கு நான் 4 மணி நேரம் விடுவேன். மாத்திரை காலையில், நார் மாலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதையும் சொல்லிவிடுங்கள். நீரிழிவு மாத்திரையும் எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், இசப்கோல் உணவுக்குப் பிந்திய சர்க்கரை ஏற்றத்தையும் குறைக்கும்.

நாணல்:
எனக்கும் இதே உப்புசம் இருந்தது, ஆனால் நான் எடுத்தது இனுலின் என்ற வேறொரு நார். அது சிக்கரி வேரிலிருந்து வருவது, கூழ்மமாகாது, ஆனால் வேகமாக நொதிக்கும். தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் காற்று குறையவில்லை. பிறகு பகுதியாக நீராற்பகுத்த கொத்தவரைப் பசைக்கு, அதாவது சிறு துண்டுகளாக உடைத்த கொத்தவரை விதை நாருக்கு மாறினேன். தண்ணீரில் போட்டால் தெளிவாகக் கரைந்துவிடுகிறது, கெட்டியாவதில்லை, மெதுவாகவே நொதிக்கிறது. இசப்கோலின் பசைத்தன்மை ஒத்துக்கொள்ளாவிட்டால் இதை யோசித்துப் பாருங்கள். ஆனால் தூறல், முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். மாற வேண்டிய தேவையே வராமல் போகலாம்.

தூறல்:
12 நாள் கழித்து எழுதுகிறேன். நிறுத்திய மறுநாள் மாலையே வயிறு இறங்கியது. மூன்று நாள் விட்டு, மாலை 5 மணிக்கு ஒரு தேக்கரண்டி என்று ஆரம்பித்தேன். டம்ளரில் 240 மில்லி எங்கே வருகிறது என்று அளந்து ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நான்காம் நாளிலிருந்து தினமும் முக்காமல் போகிறது, உப்புசம் போய்விட்டது. அளவைக் கூட்டவில்லை. மாத்திரை வழக்கம்போல் காலையில்.