பன்னிரண்டு நாள் கழித்து வந்த புகார்: எப்படி நம்புவது?

நொய்யல்கரை:
பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று 2025 மே 13-ல் வந்த தீர்ப்பு சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு, எத்தனை நாள் கழித்துப் புகார் வந்தாலும் நம்பியே ஆக வேண்டும் என்று சிலர் எழுதுவதை ஏற்க முடியவில்லை. நாள் தள்ளிப் போனால் மருத்துவப் பரிசோதனையில் தடயம் கிடைக்காது, சிசிடிவி பதிவும் அழிந்திருக்கும். ஒருவேளை குற்றம் சாட்டப்பட்டவன் நிரபராதி என்றால், எதைக் காட்டித் தப்பிப்பான்?

கோர்ட் வராந்தா:
அந்தப் பன்னிரண்டு நாளை வெறும் தாமதம் என்று பார்க்காதீர்கள் சார். 2019 பிப்ரவரி 12-ல் காருக்குள் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை வீடியோ எடுத்து, அதைக் காட்டி மிரட்டினார்கள். 24-ஆம் தேதி அந்தப் பெண் புகார் கொடுத்தார். உடனே அவருடைய அண்ணனுக்கு அடி விழுந்தது. மார்ச்சில் மாவட்ட எஸ்.பி.யே நிருபர்கள் முன்னால் பெண்ணின் பெயரைச் சொன்னார். சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர்! பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவின்படி குற்றம். இதையெல்லாம் டிவியில் பார்த்த மற்ற பெண்கள் எந்த தைரியத்தில் ஸ்டேஷன் படி ஏறுவார்கள்?

ரெண்டு பொண்ணுங்க அம்மா:
ஸ்டேஷனுக்கு முன்னால் வீடு இருக்கிறதே தம்பி. "நீ ஏன் அங்க போனே?" என்றுதான் முதல் கேள்வியே வரும். அப்புறம் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பயத்திலேயே பாதிப் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

நொய்யல்கரை:
போலீஸ் செய்தது அநியாயம், மறுக்கவில்லை அக்கா. ஆனால் ராய் சந்தீப் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஒரே ஒருவருடைய சாட்சியை வைத்துத் தண்டிப்பதென்றால் அது அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி இருவரை விடுவித்தது.

கோர்ட் வராந்தா:
அங்கே விடுதலைக்குக் காரணம் சாட்சியத்தில் இருந்த முரண்பாடுகள். தாமதத்துக்கு நீங்கள் படிக்க வேண்டியது குர்மீத் சிங் வழக்கு. பஞ்சாபில் 1984-ல் பரீட்சை எழுதப் போன, பதினாறு வயது நிரம்பாத மாணவியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்பா முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் போனார். அங்கே பேசி முடிக்கப் பார்த்ததில் புகார் தாமதமானது. அதையும் ஒரு காரணமாக்கி கீழ் கோர்ட் எல்லாரையும் விட்டுவிட்டது, அந்தப் பிள்ளையின் நடத்தையைப் பற்றியும் பழி பேசியது. 1996-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் கண்டித்துத் தண்டனை கொடுத்தது. குடும்ப மானத்துக்குப் பயந்து தயங்குவது இயல்பு, தகுந்த காரணம் இருந்தால் தாமதம் வழக்கைக் கெடுக்காது என்பதுதான் தீர்ப்பு.

நொய்யல்கரை:
அப்படியென்றால் "ஏன் இத்தனை நாள்?" என்று கேட்கலாம்தானே?

கோர்ட் வராந்தா:
கேளுங்கள், பதிலையும் காதுகொடுத்துக் கேளுங்கள். மற்றதைப் போன் பதிவிலும் மற்ற சாட்சிகளிடமும் சரிபாருங்கள். பொள்ளாச்சியில் வீடியோக்களை மீட்டெடுத்தார்கள், சாட்சி சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை. பெயர் வெளியே வராது என்ற உறுதி கிடைத்த பிறகுதான் அந்தப் பெண்களால் பேச முடிந்தது. அந்த உறுதியை முதல் நாளே கொடுக்க வேண்டியது போலீஸ்தானே?