நாணய ‘கிரேடிங்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கண்டனூர் ஆசிரியை, திங்கள் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் அடுத்த வாரம் பழங்காசுக் கண்காட்சி. விளக்க அட்டைகள் வெள்ளியன்று அச்சகத்துக்குப் போக வேண்டும். வைக்கப்போகும் காசுகளில் மூன்று சவரன்கள், அதாவது பிரிட்டிஷ் தங்கக் காசுகள், உண்டு. மூன்றும் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை, 1918இல் பம்பாயில் அடித்தவை. குதிரைப் பக்கத்தில் ஆண்டு எண்ணுக்கு மேலே, தரைக்கோட்டில், ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து நூலிழை போல நிற்கிறது. அடித்தபோது எடை 7.98 கிராம், 22 காரட்.

ஒன்று, பெட்டகத்தில் துணி முடிச்சிலேயே இருந்தது. இன்னொன்று கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. மன்னரின் காதுக்கு மேலுள்ள முடி இழை இழையாகத் தெரியாமல் ஒரே மேடாகிவிட்டது. மூன்றாவது ஒரு காசுமாலையிலிருந்து கழற்றியது. சேகரிப்பவர்கள் மூன்றுக்கும் மூன்று விலை சொல்வார்கள். அதற்குக் காரணமான ‘கிரேடிங்’கை, அதாவது காசின் தேய்வையும் பழுதையும் பார்த்து நிலை சொல்வதை, ‘தரப்படுத்தல்’ என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி உடனே கேட்டாள்: “மூன்றும் 22 காரட்தானே டீச்சர், பிறகு தரம் எப்படி வேறாகும்?” எனக்குப் பதில் வரவில்லை. வேறு சொல் தாருங்கள்.

தேவகோட்டை, திங்கள் மாலை

அம்மா, உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நம் ஊரில் பொன்னுக்குத் தரம் என்றால் மாற்றுதான். உரைகல்லில் தெரிவது மாற்று. எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது என்பது அருமை. அடித்த நாளிலிருந்து அந்தக் காசு என்ன பாடுபட்டிருக்கிறது என்பது நிலை. ‘கிரேடிங்’ பேசுவது இந்த மூன்றாவதை மட்டுமே. தரம் என்ற சொல் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும்.

இதற்குப் புதிதாக ஒரு சொல்லை ஆக்கவே வேண்டாம். காசை ஆராய்வதற்கு ‘நோட்டம்’ என்றும் ஆராய்பவருக்கு ‘நோட்டக்காரர்’ என்றும் நம்மிடம் பெயர் இருந்தது. அதற்கும் முன்னால் வண்ணக்கன். வடம வண்ணக்கன் தாமோதரனாரையும் புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழானையும் சங்கப் புலவர் வரிசையில் படித்திருப்பீர்கள். காசு நோட்டம் பார்ப்பவர் பாட்டும் எழுதிய நாடு இது. வண்ணம் பார்த்துச் சொன்னவன் வண்ணக்கன் என்பது என் துணிபு. ஆகவே தொழிலுக்கு ‘வண்ணக்கம்’, செயலுக்கு ‘நோட்டம்’.

இன்னொன்று: ‘நாணயம்’ வேண்டாம், ‘காசு’ போதும். நாணயம் வடமொழி ‘நாணக’த்தின் வழி வந்தது. நம் காசோ ஆங்கிலேயரின் கணக்கேட்டுக்கே ‘கேஷ்’ ஆகிப் போன சொல். சென்னையில் கும்பினி ஆட்சியில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்.

ஆத்தங்குடி, திங்கள் இரவு

ஐயா, நாணயம் எங்கிருந்து வந்ததோ, நேர்மை என்ற பொருளைத் தமிழில் அது சம்பாதித்துக்கொண்டது. அதை வெளியே தள்ள எனக்கு மனம் வரவில்லை. வண்ணக்கனுக்குச் சொன்ன வேர்ப்பொருளுக்குச் சான்று வேண்டும். ‘நோட்டம்’ அழகான சொல். கன்னடத்தில் இன்றும் ‘நோடு’ என்றால் பார். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு நோட்டம் விடுபவன் திருடன். அட்டையில் ‘காசு நோட்டம்’ என்று போட்டால் கண்காட்சியில் களவு நடந்ததாக நினைப்பார்கள்.

எண்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. காசின் நிலையைச் சொல்லும் 1 முதல் 70 வரையுள்ள அளவுகோல், ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் தம் நாட்டுப் பழைய பெரிய செப்புக் காசுகளுக்காக வகுத்தது. கடைநிலைக் காசின் விலையைப் போல உச்சநிலைக் காசு 70 மடங்கு பெறும் என்ற அன்றைய கணக்கிலிருந்து வந்த எண் அது. விலைக்கணக்கு பிறகு செல்லாமல் போயிற்று, எண் மட்டும் நின்றுவிட்டது. 1986இலும் 1987இலும் தொடங்கிய இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் எல்லா உலோகக் காசுகளுக்கும் அதையே எடுத்துக்கொண்டன. அதனால் ‘மதிப்பெண்’ என்று எழுதிவிடாதீர்கள். 62 பெற்ற காசைச் சுமாரானது என்று மாணவர் நினைப்பார். 60உம் அதற்கு மேலும் எல்லாமே கைபடாத காசு. ‘ஃபைன்’ என்ற நிலைப்பெயரை ‘நன்று’ என்று பெயர்க்கவும் கூடாது. அந்த நிலையின் எண் 12தான். முடி இழைகளில் பெரும்பாலானவை தேய்ந்துபோன காசு அது.

காரைக்குடி, செவ்வாய் காலை

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பொன் வேலை. ஆசிரியை அம்மா நேற்று அந்த மூன்றாவது காசின் படத்தைத் தனியே அனுப்பியிருந்தார். பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பின் வரிப்பற்கள் நான்கைந்து மூழ்கியிருக்கின்றன. அவற்றின் மேல் சற்று வெளிறிய ஒரு திட்டு. அது பொடி. பற்றவைக்கும் கலவையை நாங்கள் பொடி என்போம். பொடி வைத்து ஊதுவது என்பது பட்டறையிலிருந்து தெருவுக்குப் போன பேச்சு. வளையத்தை அறுத்து எடுத்தாலும் பொடி போகாது. இப்படிப்பட்ட காசுக்கும், துளையிட்ட காசுக்கும், தேய்த்துத் துலக்கிய காசுக்கும் அந்த நிறுவனங்கள் எண் கொடுப்பதில்லை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது, என்ன பழுது என்று எழுதிவிடுவார்கள். ‘பொடி வைத்த காசு’ என்றே அட்டையில் போடுங்கள். இங்கே எந்த ஆசாரியைக் கேட்டாலும் புரியும்.

‘லஸ்டர்’ என்பதற்கு மட்டும் தயவுசெய்து ‘மெருகு’ என்று எழுதாதீர்கள். அகராதிகள் அப்படித்தான் சொல்லும். மெருகு நாங்கள் போடுவது. லஸ்டர், அச்சு விழும்போது பொன் நசுங்கி வெளிப்பக்கமாக ஓடிய மெல்லிய வரிகளில் ஒளி படுவதால் வருவது. காசை விளக்குக்கடியில் சாய்த்துச் சுற்றினால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளி சுழலும். ஒரு முறை மெருகு போட்டால் அந்த வரிகள் அழிந்து, சுழல் நின்று, வெறும் பளபளப்பே மிஞ்சும். என் தந்தையிடம் ஒருவர் அழகான காசு ஒன்றைத் துலக்கக் கொடுத்தார். கொடுத்தபோது அதற்கு இருந்த விலை, வாங்கிக்கொண்டு போனபோது இல்லை. தந்தைக்கும் அது அன்று தெரியாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ‘அச்சொளி’ என்று வையுங்கள்.

கானாடுகாத்தான், செவ்வாய் பகல்

தம்பி, அச்சொளி மனத்தில் ஒட்டிக்கொண்டது. நான் இலக்கணம் பேசவில்லை, வீட்டில் உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு உள்ளறையில் எங்கள் அப்பத்தா கலியாணத்துக்குப் பரப்பிய சாமான்கள் அடுக்கியிருக்கின்றன. அவற்றில் இரண்டே வகை: புழங்கியது, புழங்காதது. ரங்கூனிலிருந்து வந்த ஒரு வாளி இன்றுவரை கிணற்றைப் பார்த்ததில்லை. வண்டியில் வந்தபோது விழுந்த நெளிசல் அதில் உண்டு. ஆனாலும் அது புழங்காத வாளிதான். ஆசிரியை சொல்லும் முதல் காசும் அப்படித்தானே? ‘புழங்காக் காசு’ என்றால் என்ன?

ஆத்தங்குடி, செவ்வாய் மாலை

ஆச்சி, இரண்டு நாளாக நாங்கள் தேடியது இதுதான். காசு அடிக்கும் அக்கசாலையிலிருந்து பையில் போட்டு அனுப்பும்போது காசோடு காசு மோதிக் கீறல் விழும். 60ஆம் எண் காசில் அப்படி நிறையவே இருக்கும். ஆனால் விரல் பட்டு, சட்டைப்பையில் உரசி வரும் தேய்வு இருக்காது. ‘கீறாத காசு’, ‘மாசற்ற காசு’ என்றெல்லாம் எழுதியிருந்தால் பிழையாகியிருக்கும். வாளியின் நெளிசல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது.

பள்ளத்தூர், புதன் காலை

இத்தனை பேர் எழுதியும் ‘வாசி’ ஒருவர் நினைவுக்கும் வராதது வியப்பாக இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம். சம்பந்தருக்குக் கிடைத்த படிக்காசைக் கடைக்காரர்கள் முழு விலைக்கு ஏற்கவில்லை, வட்டம் பிடித்தார்கள். ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று அவர் பாடியது அதனால்தான். காசின் குறை கடைத்தெருவில் விலையாக மாறுவதற்குப் பெயர் வாசி. சவரனுக்கும் அது உண்டு. 1870ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டப்படி 123.27 குன்றாக வெளிவந்த சவரன், 122.5 குன்றுக்குக் கீழே தேய்ந்தால் செல்லாமல் போயிற்று. கிராமில் வித்தியாசம் 0.05தான். (கிரெயின் என்ற ஆங்கில எடையைத்தான் குன்று என்றேன், குன்றிமணியோடு குழப்ப வேண்டாம்.) எனவே ‘வாசி கணித்தல்’ என்று முன்மொழிகிறேன்.

கண்டனூர் ஆசிரியை, புதன் இரவு

ஐயா, தேவாரம் படித்தவர்களுக்கு வாசி தெரியும். என் மாணவர்கள் அதை ‘படி’ என்ற ஏவலாகத்தான் படிப்பார்கள். குன்று வேண்டாம், கிரெயின் என்றே எழுதுகிறேன். ‘தேய்மானம்’ என்று ஒருவர் தனியே எழுதியிருந்தார். அது கணக்குப்பதிவியல் பாடத்தில் வேறு பொருளில் வருகிறது, ‘தேய்வு’ என்று சுருக்கிக்கொண்டேன். அந்த நிறுவனங்கள் காசை வைத்து மூடி முத்திரையிடும் கண்ணாடி போன்ற பெட்டிக்குச் ‘சிமிழ்’ என்று நால்வர் சொன்னார்கள். சிமிழ் திறக்கக்கூடியது, இது உடைத்தால்தான் திறக்கும். ஆனாலும் நேரமில்லை, சிமிழ்.

தேவகோட்டை, வியாழன் காலை

புழங்காக் காசை ஏற்கிறேன். எதிர்மறைப் பெயரெச்சம் ஈறு கெட்டு வல்லினம் மிக்கு வந்திருக்கிறது, இலக்கணமும் சரி. ஆனால் தலைப்புச் சொல்லாக ‘நிலைக்கணிப்பு’ என்று போடப்போவதாக அறிந்தேன். கணிப்பு சோதிடத்தின் சொல். உருப்பெருக்கியின் கீழ் கண்ணால் கண்டு சொல்வதை எப்படிக் கணிப்பு என்பது? ‘நிலைநோட்டம்’ என்றாவது போடுங்கள். திருடனுக்கு அஞ்சி ஒரு சொல்லைக் கைவிட்டால் பிறகு அது திருடனுக்கே உரியதாகிவிடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். வராகனும் வீரராயன் பணமும் கையால் அடித்தவை. அரை கிராம்கூட இல்லாத பணத்தில் அச்சு பாதிதான் விழுந்திருக்கும். அது தேய்வா, பிறவியிலேயே உள்ளதா? 70 எண்ணில் அதை எங்கே வைப்பீர்கள்?

கண்டனூர் ஆசிரியை, வியாழன் இரவு

ஐயா, கையடிக் காசுகளுக்கு எண் போடவில்லை. ‘அச்சு முழுதாக விழவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தலைப்புக்கு ஏழு பேர் ‘நிலைக்கணிப்பு’, நீங்களும் பள்ளத்தூர் ஐயாவும் மறுப்பு. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அட்டைகள் இப்படி: ‘புழங்காக் காசு, அச்சொளி முழுமை’. ‘புழங்கிய காசு, முடியிலும் தாடியிலும் தேய்வு’. ‘பொடி வைத்த காசு, எண் இல்லை’. அந்த மாணவியிடம் படித்துக் காட்டினேன். மூன்றாவதைத்தான் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாள். அதை யார் கழுத்தில் போட்டிருந்தார்கள் என்று கேட்டாள்.

தேவகோட்டை, வெள்ளி காலை

அட்டை நன்றாக இருக்கிறது. தலைப்பைப் பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. வண்ணக்கனுக்குச் சான்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் தனி இழையில் எழுதுகிறேன்.