வடசென்னைக் கல்லூரியில் குவாண்டம் மைனர்: பயிற்சியா, வெறும் சான்றிதழா?

தண்டையார்பேட்டை விரிவுரையாளர்:
நான் பணிபுரியும் பொறியியல் கல்லூரியில் அடுத்த கல்வியாண்டு முதல் குவாண்டம் தொழில்நுட்பத்தை (அணு, ஒளித்துகள் அளவிலான இயற்பியல் விதிகளைக் கணினிக்கும் தகவல் தொடர்புக்கும் பயன்படுத்தும் துறை) மைனர், அதாவது துணைப் படிப்பாகத் தொடங்கலாமா என்ற பேச்சு நடக்கிறது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇ 2024 டிசம்பரில் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின்படி, எந்தப் பொறியியல் பிரிவைச் சேர்ந்த மாணவரும் தம் முதன்மைப் பாடத்துடன் குறைந்தது 18 கிரெடிட் கூடுதலாகப் படித்து இதைப் பெறலாம். இத்துறை ஆய்வை வளர்ப்பதற்கான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களுள் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைந்துள்ளது. நம் ஊரிலேயே இப்படியொரு மையம் இருக்கும்போது, திருவொற்றியூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வரும் பிள்ளைகள் அதன் வாசலைக்கூட மிதிக்காமல் படிப்பை முடித்துவிடக் கூடாது என்பதால், தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எர்ணாவூர் பெற்றோர்:
அம்மா, உங்கள் அக்கறையில் எனக்கு ஐயமில்லை; ஆனால் நான் இதை எதிர்க்கிறேன். என் மூத்த மகன் படித்த கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுச் சான்றிதழ் வகுப்பு என்று தனிக் கட்டணம் வாங்கினார்கள். ஆறு மாதமும் திரையில் ஓடிய ஸ்லைடுகளைப் பார்த்ததுதான் பயிற்சி. நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே அவனால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மைனரும் அதே வழியில் போகாது என்பதற்கு என்ன உறுதி? மின்தடையே இல்லாத மீக்கடத்திகளால் ஆன குவாண்டம் கணினியின் சில்லு சுமார் 10 மில்லிகெல்வினில், அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில், இயங்குகிறது, அந்தக் குளிரைத் தரும் கருவியின் விலையோ கோடிகளில் இருக்கிறது. அதை எந்தக் கல்லூரியும் இங்கே வாங்கப் போவதில்லை. மிஞ்சுவது கணினியில் செய்யும் பாவனைப் பயிற்சி மட்டுமே. ஐபிஎம் 2016லேயே தன் ஐந்து குபிட் (குவாண்டம் கணினியின் தகவல் அலகு) கணினியை இணையத்தில் திறந்துவிட்ட நிலையில், வீட்டிலிருந்தே இலவசமாகக் கற்கக்கூடியதற்கு நாங்கள் ஏன் கட்டணம் கட்ட வேண்டும்?

வியாசர்பாடி ஃபைபர் பணியாளர்:
நான் பட்டதாரி அல்லன்; பன்னிரண்டு ஆண்டுகளாக இணைய ஃபைபர் ஒட்டும் வேலை செய்கிறேன். இழையைத் துடைத்து, வெட்டி, ஸ்பிளைசிங் இயந்திரத்தில் வைத்தால் இரு முனைகளும் திரையில் பெரிதாகத் தெரியும். வெட்டு சற்றுச் சாய்ந்திருந்தாலும் அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். நல்ல ஒட்டு என்றால் அதைக் கடக்கும் ஒளியின் இழப்பு 0.02 டெசிபெல் என்று காட்டும், மோசமாக இருந்தால் 0.3 வரை போகும். வீட்டு இணைப்புக்கு 0.3 கூடப் போதும் என்று விட்டுவிடுவோர் உண்டு. நான் அறுத்துவிட்டு மறுபடி ஒட்டுவேன். குவாண்டம் இணைப்பிலும் இதே இழைதான் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் எங்கள் கைவேலைக்கு அதில் என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தண்டையார்பேட்டை விரிவுரையாளர்:
தம்பி, மிகப் பெரிய மதிப்பு இருக்கிறது. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் நல்ல இழை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் இழக்கிறது. அதனால் 50 கிலோமீட்டர் கடக்கையில் பத்தில் ஒரு ஃபோட்டான்தான் (ஒளித்துகள்) மறுமுனையை அடையும், 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒன்று. சாதாரண இணைப்பில் நடுவழியில் பெருக்கி வைத்து ஒளியை வலுவாக்கிவிடலாம். இரகசியக் குறியீட்டுச் சாவியை ஒளி வழியே பகிரும் குவாண்டம் சாவிப் பரிமாற்றத்தில் தகவலைச் சுமப்பது தனி ஃபோட்டான், அறியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கை விதியே இடம் தருவதில்லை, ஆகவே அங்கே பெருக்கிக்கு வேலையில்லை. நீங்கள் அறுத்து மறுபடி ஒட்டும் அந்த 0.3 அங்கே உண்மையான இழப்பு.

பெற்றோர் அவர்களுக்கு: குளிர்கருவி இல்லாவிட்டால் பாவனை மட்டும்தான் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. 2025ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கிளார்க், டெவோரே, மார்டினிஸ் மூவரும் 1980களில் செய்தது, மீக்கடத்தி மின்சுற்றிலும் குவாண்டம் விளைவு உண்டு என்று காட்டிய சோதனை. அறை வெப்பநிலையிலிருந்து குளிர்கருவிக்குள் இறங்கும் கம்பி வழியாக வரும் இரைச்சலைத் தடுப்பது அவர்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. அதற்காகச் செப்புத் தூள் நிரப்பிய வடிகட்டிகளை அவர்களே செய்துகொண்டார்கள். குழாய், சுருட்டிய கம்பி, செப்புத் தூள், எபாக்சிப் பசை ஆகியவை போதும். நம் பட்டறையில் மாணவர்களே அத்தகைய வடிகட்டியைச் செய்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு தடுக்கிறது என்று எங்கள் மைக்ரோவேவ் ஆய்வகத்தில் அளக்கலாம்.

எர்ணாவூர் பெற்றோர்:
ஃபைபர் ஒட்ட ஐடிஐ போதும். அதற்கு 18 கிரெடிட் தேவையில்லை. என் அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. முதலாமாண்டுக் கணிதத்திலேயே அரியர் வைத்துக்கொண்டு மூன்றாமாண்டுவரை இழுக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். அணிகளும் கலப்பெண்களும் கைவராதவனுக்குக் குவாண்டம் என்பது மந்திரச் சொல்லாகத்தான் இருக்கும். முதலில் அந்தக் கணிதத்தைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்பது தவறா?

மூன்றாமாண்டு மாணவி, கொருக்குப்பேட்டை:
ஐயா, நீங்கள் சொல்லும் அந்த அரியர் எனக்கும் இருந்தது. எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் மேடம் ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் போலராய்டு தாள்கள் இரண்டைக் குறுக்காக வைத்துக் காட்டினார். வெளிச்சம் முழுதாக அணைந்துவிட்டது. பிறகு மூன்றாவது தாளை 45 பாகை சாய்த்து அவ்விரண்டுக்கும் நடுவே செருகினார், இருட்டாயிருந்த இடத்தில் வெளிச்சம் வந்தது. தடுப்பு ஒன்று கூடும்போது ஒளி எப்படிக் கூடும் என்று நான் அன்று இரவு முழுவதும் யோசித்தேன். ஒவ்வொரு தாளும் பாதியை விடுகிறது, ஆகவே கணக்குப்படி எட்டில் ஒரு பங்கு வருகிறது. பின்னிரண்டு தாள்கள் விடும் பாதி கோசைன் 45இன் வர்க்கம் என்று புரிந்தபோதுதான், திசையன்களைக் கூறுபடுத்துவது எதற்கு என்பது எனக்கு விளங்கியது. அடுத்த தேர்வில் அந்தக் கணித அரியரில் தேர்ச்சி பெற்றேன். கணிதம் முடிந்த பிறகுதான் ஆய்வகம் என்று வைத்திருந்தால் நான் வெளியிலேயே நின்றிருப்பேன். எங்களுக்குச் சான்றிதழைவிட ஆய்வகக் கதவு திறந்திருப்பதுதான் வேண்டும்.

மணலி ஓய்வூதியர்:
வெற்றிடக் கலன்களைப் பற்றவைத்துச் சோதிப்பதில் 31 ஆண்டுகள் கழித்தவன் நான். அந்தக் குளிர்கருவிக்கும் வெற்றிட உறை உண்டு. அதில் நுண்ணிய கசிவு இருந்தாலும் உள்ளே புகும் காற்று உறைந்துவிடும், குளிர் இறங்காது. கசிவு தேட, கலனைப் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டு, வெளியே இணைப்புகளின்மீது ஹீலியத்தை மெல்ல ஊத வேண்டும்; ஓட்டை இருந்தால் அது உள்ளே புகுந்து கசிவு காட்டும் கருவியில் தெரியும். மேலிருந்து கீழே வர வேண்டும், ஏனெனில் ஹீலியம் மேலே ஏறும். கீழே தொடங்கினால் மேலேயுள்ள ஓட்டையைக் கீழே இருப்பதாக எண்ணி ஏமாந்துவிடுவீர்கள். இதைப் பட்டம் பெற்ற இளைஞர் பலருக்கு நான் தொழிற்கூடத்தில்தான் முதன்முதலாகச் சொல்லிக் கொடுத்தேன். எண்ணூர், மணலி வட்டாரத்தில் இந்த அனுபவம் உள்ளவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறோம். கல்லூரி அழைத்தால் ஊதியம் இல்லாமலே வருவேன்.

எர்ணாவூர் பெற்றோர்:
பெரியவர் சொன்னதும் அந்தப் பெண் சொன்னதும் என்னை யோசிக்க வைக்கின்றன. இருந்தாலும் 18 கிரெடிட் என்பது ஆறு பாடங்களின் சுமை, அதற்கேற்ற கட்டணமும் வரும். போலராய்டு, ஃபைபர், ஹீலியம் இவற்றை மூன்று கிரெடிட் விருப்பப் பாடங்கள் இரண்டில் அடக்கிவிட முடியும். அதைச் செய்து பாருங்கள். நன்றாக நடந்தால் நானே என் இளைய மகனை மைனரில் சேர்க்கிறேன்.

தண்டையார்பேட்டை விரிவுரையாளர்:
அங்கேதான் நாம் உடன்பட முடியவில்லை, ஐயா. விருப்பப் பாடத்துக்கு நிர்வாகம் வகுப்பறை தரும். மைனர் என்றால்தான் ஆய்வகத்துக்கு நிதி கேட்க எனக்கு வாய் இருக்கும். ஆனால் தனிக் கட்டணம் கூடாது என்பதையும், ஆய்வக வேலைக்கு மதிப்பெண்ணில் பாதி ஒதுக்க வேண்டும் என்பதையும் என் முன்மொழிவில் எழுதிச் சேர்க்கிறேன். மணலி ஐயா, உங்கள் ஹீலியம் வகுப்பு எந்தப் பருவத்தில் வர வேண்டும் என்று சொல்லுங்கள். அதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

எர்ணாவூர் பெற்றோர்:
கட்டணம் இல்லை என்பது நிர்வாகத்தின் கையெழுத்தோடு வரட்டும், அம்மா. அதுவரை என் எதிர்ப்பு அப்படியே இருக்கும்.