முன்னறிவிப்பற்ற விடுப்பு குறித்த அறிக்கை: பதிவேடும் கருத்துக்கணிப்பும் முரண்படும்போது எப்படி எழுதுவது?

கேள்வி

வணக்கம். நாள் முழுவதும் இயங்கும் ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நிர்வாகப் பணியில் இருக்கிறேன். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வராமல் போவது கூடிக்கொண்டே வருவதால், அதன் காரணத்தையும் தீர்வையும் முறையான அறிக்கையாகத் தருமாறு எனக்கு உத்தரவு வந்துள்ளது. உத்தரவு ஒரே வரிதான். அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை.

பிரிவில் 96 பேர், தலா 32 பேர் கொண்ட மூன்று அணிகளாக இருக்கிறோம். காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை, இரவு 10 முதல் காலை 6 வரை என மூன்று ஷிப்டுகள். திங்கட்கிழமைதோறும் இரவு அணி பிற்பகலுக்கும், பிற்பகல் அணி காலைக்கும், காலை அணி இரவுக்கும் மாறும். வார விடுமுறை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு.

கடந்த 12 மாத வருகைப் பதிவேட்டின்படி, திங்கட்கிழமை காலை ஷிப்டில்தான் இத்தகைய விடுப்பு மிக அதிகம். ஆனால் நான் நடத்திய கருத்துக்கணிப்பில் பதில் தந்த 41 பேரில் பெரும்பாலோர், "உங்கள் ஷிப்டு நேரமும் பணிச்சுமையும் திருப்தியாக உள்ளனவா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்றே குறித்திருக்கிறார்கள். என் மேலாளரோ, ஞாயிற்றுக்கிழமை ஓய்வைத் திங்கட்கிழமைக்கும் நீட்டிக்கும் மனப்போக்குதான் காரணம் என்றும், அடிக்கடி வராதவர்களின் பெயர்களை அறிக்கையிலேயே சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறார்.

இரண்டு சான்றுகளில் எதை நம்புவது? மேலாளரின் கருத்தை அறிக்கையில் எப்படிக் கையாள்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. சான்றுகளுக்குப் போகும் முன், அந்த ஒரு வரி உத்தரவை நீங்களே அரைப் பக்க ஆய்வு வரையறையாக விரித்து எழுதி, உத்தரவு தந்தவரிடம் மின்னஞ்சலில் ஒப்புதல் பெற்றுவிடுங்கள். எந்தக் காலத்துப் பதிவுகள், எந்தப் பிரிவு, எவ்வகை விடுப்பு கணக்கில் வரும், எது வராது, அறிக்கையைப் படித்து யார் எந்த முடிவை எடுக்கப்போகிறார், எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். "விடுப்பு ஏன் கூடுகிறது?" என்பது ஆய்வுக்குரிய கேள்வி ஆகாது, "கடந்த 12 மாதங்களில் முன்னறிவிப்பற்ற விடுப்பு எந்த ஷிப்டிலும் எந்த நாளிலும் குவிகிறது, அந்தக் குவிதலுக்கும் பணிப்பட்டியலுக்கும் தொடர்பு உண்டா?" என்று கேட்டால்தான் பதிவேட்டைக் கொண்டு பதில் சொல்ல முடியும்.

படிப்பவரின் அதிகாரத்துக்கு உட்பட்டது எது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பணிப்பட்டியலை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டு, கூடுதல் ஆள் எடுக்க அதிகாரம் இல்லை என்றால், ஆள் எடுப்பதை மட்டுமே பரிந்துரைக்கும் அறிக்கை கோப்பிலேயே உறங்கிவிடும்.

மறுமொழி 2

தரவுப் பகுப்பாய்வுதான் என் அன்றாட வேலை என்பதால் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இங்கே இரண்டு சான்றுகளும் முரண்படுகின்றன என்று இன்னும் சொல்லவே முடியாது, ஏனென்றால் கருத்துக்கணிப்பு நீங்கள் நினைத்ததை அளக்கவில்லை.

முதலாவதாக, அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நேரம் பிடித்து, சுமை பிடிக்காத ஒருவர் எதைக் குறிப்பார்? இரண்டாவதாக, வாரந்தோறும் ஷிப்டு மாறும் இடத்தில் "உங்கள் ஷிப்டு நேரம்" என்று கேட்டால், பதில் சொல்பவர் அந்த வாரம் தாம் பார்க்கும் ஷிப்டைத்தான் நினைத்துக்கொள்வார். நீங்கள் அறிய விரும்பியதோ சுழற்சியைப் பற்றி. மூன்றாவதாக, 96 பேரில் 41 பேர் என்பது சுமார் 43 விழுக்காடு. அந்த 41 பேர் எந்தெந்த அணியினர்? அடிக்கடி வராதவர்களும் களைத்திருப்பவர்களும் படிவத்தை நிரப்பாமல் விட்டிருக்கக்கூடும் என்பதால், பதில் வராத 55 பேரின் நிலையை வந்த பதில்களைக் கொண்டு ஊகிக்க முடியாது.

மேலாளரின் கருத்தை ஏற்கவோ மறுக்கவோ வேண்டாம். அதைச் சோதித்துப் பாருங்கள். ஞாயிறு ஓய்வை நீட்டிப்பதுதான் காரணம் என்றால், ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையில் இருந்தவர்கள்தான் திங்களன்று அதிகம் வராமல் இருக்க வேண்டும். நீங்கள் தந்த சுழற்சியைப் பார்த்தால் எனக்கு வேறொரு ஐயம் எழுகிறது: ஞாயிறு இரவு 10 மணிக்குப் பணி முடித்த பிற்பகல் அணிதான் திங்கள் காலை 6 மணிக்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. இடைவெளி 8 மணி நேரம். அதற்குள் வீடு போய், உண்டு, உறங்கி, எழுந்து வர வேண்டும். திங்கள் காலை வராதவர்களை, ஞாயிறு வேலை பார்த்தவர்கள், ஞாயிறு விடுமுறையில் இருந்தவர்கள் என்று பிரித்து எண்ணிப் பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. பதில் தந்த 41 பேரில் அந்த வாரம் காலை ஷிப்டில் இருந்தவர்கள் 21, பிற்பகல் 14, இரவு 6 பேர் மட்டுமே. பதிவேட்டையும் பிரித்துப் பார்த்தேன். 12 மாதங்களில் திங்கள் காலை ஷிப்டில் பதிவான முன்னறிவிப்பற்ற விடுப்புகள் 118. அவற்றுள் 97, முந்தைய நாள் இரவு 10 மணி வரை வேலை பார்த்தவர்களுடையவை. எனவே ஓய்வின்மைதான் காரணம் என்று எழுதிவிடலாமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

பொறுங்கள். 118-இல் 97 என்பது 82 விழுக்காடு. பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கள் காலை வர வேண்டியவர்களில் 82 விழுக்காட்டினர் எப்படியும் ஞாயிறு வேலை பார்த்தவர்களாகவே இருந்தால், இந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. வராதவர்களை மட்டும் எண்ணாமல், வர வேண்டியவர்களையும் எண்ணி, இரண்டு பிரிவுக்கும் தனித்தனியே விகிதம் காணுங்கள்: இழந்த பணிநாள்களை, பட்டியலிடப்பட்ட பணிநாள்களால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்.

கேட்டவர்

பணிப்பட்டியலின்படி திங்கள் காலை வர வேண்டியவர்கள் சராசரியாக 29 பேர். அவர்களில் ஞாயிறு வேலை பார்த்தவர்கள் 19 பேர், விடுமுறையில் இருந்தவர்கள் 10 பேர். 52 வாரங்களுக்கு முறையே 988, 520 பணிநாள்கள். ஆக, வேலை பார்த்தவர்களிடையே விடுப்பு விகிதம் 9.8 விழுக்காடு (97/988). விடுமுறையில் இருந்தவர்களிடையே 4.0 விழுக்காடு (21/520).

மறுமொழி 2-ஐ எழுதியவர்

இப்போதுதான் அறிக்கையில் வைக்கத்தக்க எண் கிடைத்திருக்கிறது. ஓய்வை நீட்டிக்கிறார்கள் என்ற விளக்கத்துக்கு இது நேர் எதிராக இருக்கிறது. ஆனாலும் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். ஞாயிறு விடுமுறை பெரும்பாலும் மூத்த ஊழியர்களுக்கே ஒதுக்கப்படுகிறது என்றால், இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு பணிமூப்பினால் வந்ததாகவும் இருக்கலாம்; அதைச் சரிபாருங்கள், முடியாவிட்டால் ஆய்வின் வரம்பாகக் குறிப்பிடுங்கள். இன்னொரு சோதனையும் உங்கள் கையிலேயே இருக்கிறது. இரவு அணி திங்கள் காலை 6 மணிக்கு முடித்து, அன்றே பிற்பகல் 2 மணிக்குத் திரும்புகிறது. அங்கும் இடைவெளி 8 மணி நேரம்தான். காலையிலிருந்து இரவுக்கு மாறும் அணிக்கோ 32 மணி நேரம் கிடைக்கிறது. திங்கள் பிற்பகலில் விகிதம் உயர்ந்தும் திங்கள் இரவில் இயல்பாகவும் இருந்தால் உங்கள் வாதம் வலுப்படும்; இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மறுமொழி 3

பெயர்ப் பட்டியல் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்; மனிதவளத் துறையில் இருப்பவள். பெயர்களை அறிக்கையில் சேர்க்காதீர்கள். அறிக்கை பல கைகளுக்குப் போகும். தனிநபர் விடுப்புக்குப் பின்னால் நோயோ குடும்பச் சூழலோ இருக்கலாம். அவற்றைக் கையாளத் தனி நடைமுறை உண்டு. மேலாளரிடம், "இந்த அறிக்கை பணிமுறையைப் பற்றியது, தனிநபர் விவரங்களை மனிதவளத் துறைக்குத் தனியே, இரகசியமாகத் தருகிறேன்" என்று எழுத்தில் சொல்லுங்கள்.

சில நிறுவனங்களில் பிராட்ஃபோர்டு மதிப்பெண் என்ற கணக்கைப் பயன்படுத்துவார்கள்: 52 வாரங்களில் ஒருவர் எத்தனை முறை விடுப்பு எடுத்தாரோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மொத்த விடுப்பு நாள்களாலும் பெருக்குவது. தொடர்ந்து 10 நாள் வராதவருக்கு மதிப்பெண் 10. பத்து முறை ஒவ்வொரு நாளாக வராதவருக்கு 1000. திடீர் விடுப்பு பணியை எவ்வளவு குலைக்கிறது என்பதை இது காட்டும், ஏன் வரவில்லை என்பதைக் காட்டாது. அவ்வப்போது வந்துபோகும் நோய் உள்ளவர்களைக் காரணமின்றிக் குற்றவாளியாக்கிவிடும். யாராவது அதைச் சேர்க்கச் சொன்னால் இந்த வரம்பையும் அருகிலேயே எழுதுங்கள்.

கருத்துக்கணிப்பை மீண்டும் நடத்தினால், "பிற்பகல் ஷிப்டு முடித்து மறுநாள் காலை ஷிப்டுக்கு வரும்போது எனக்குப் போதிய ஓய்வு கிடைக்கிறது" என்பது போல ஒரு கூற்று, ஒரே பொருள் என்று அமையுங்கள். முற்றிலும் உடன்படுகிறேன் முதல் முற்றிலும் மறுக்கிறேன் வரை ஐந்து நிலைகள் கொடுங்கள். பெயர் கேட்கவில்லை என்பதால் மட்டும் படிவம் அநாமதேயம் ஆகிவிடாது. அணி, வயது, பணிக்காலம் மூன்றையும் கேட்டால், அந்த அணியில் 50 வயதைக் கடந்த ஒரே ஒருவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்து பேருக்கும் குறைவான எந்தப் பிரிவின் பதிலையும் தனியே வெளியிடாதீர்கள். சென்ற முறை இரவு ஷிப்டில் ஆறு பேர் மட்டுமே பதில் தந்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுமொழி 4

எழுத்துப் பகுதிக்கு வருவோம். இத்தகைய அறிக்கைகள் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவது, கண்டறிந்ததும் முடிவும் பரிந்துரையும் ஒரே பத்தியில் கலந்துவிடுவதால்தான். "போதிய ஓய்வு தரப்படாததால் ஊழியர்கள் வருவதில்லை; எனவே சுழற்சியை உடனே மாற்ற வேண்டும்" என்ற வாக்கியத்தை மூன்று இடங்களுக்குப் பிரியுங்கள். கண்டறிந்தவை என்ற பகுதியில்: "ஞாயிறு பிற்பகல் ஷிப்டில் பணியாற்றியவர்களின் திங்கள் காலை விடுப்பு விகிதம் 9.8 விழுக்காடு, ஞாயிறு விடுமுறையில் இருந்தவர்களுடையது 4.0 விழுக்காடு." முடிவுகள் பகுதியில்: "ஷிப்டு மாற்றத்தின்போது கிடைக்கும் குறுகிய ஓய்வுக்கும் விடுப்புக்கும் தொடர்பு இருப்பதாகப் பதிவுகள் காட்டுகின்றன." என்ன செய்வது என்பது பரிந்துரையில் மட்டுமே. முதலாவதில் உங்கள் கருத்து ஒரு சொல்லாகக்கூட நுழையக் கூடாது. இரண்டாவதில் முதலாவதில் இல்லாத புது எண் எதுவும் தோன்றக் கூடாது.

நிர்வாகச் சுருக்கம் முகப்பில் வந்தாலும் அதைக் கடைசியில் எழுதுங்கள். மேலிடத்தில் பலர் அந்த ஒரு பக்கத்தை மட்டுமே படிப்பார்கள் என்பதால், 9.8, 4.0 என்ற இரண்டு எண்களும் முதன்மைப் பரிந்துரையும் அதில் இருந்தாக வேண்டும். பழைய கருத்துக்கணிப்பை ஒளிக்க வேண்டாம். அதன் குறைகளோடு ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு பத்தியும், படிவத்தின் நகல் பின்னிணைப்பிலும் போதும்.

வெளிச்சான்றாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலை நேர நெறியாணை ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் கோருகிறது என்பதைக் குறிப்பிடலாம். உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும் நிறுவன விதியையும் முதலில் வைத்து, இதை ஒப்பீட்டுக்கு மட்டும் காட்டுங்கள்.

கேட்டவர்

மிகவும் தெளிவாகிவிட்டது. பரிந்துரையாக, காலை, பிற்பகல், இரவு என்ற முன்னோக்கிய சுழற்சிக்கு மாறலாம் என்று எழுத நினைக்கிறேன். அது உடலுக்கு எளிது என்று பல இடங்களில் படித்தேன்.

மறுமொழி 4-ஐ எழுதியவர்

பொதுவாக அது சரிதான். உறங்கும் நேரத்தை முன்னே இழுப்பதைவிடத் தள்ளிப்போடுவது உடலுக்கு எளிது. ஆனால் உங்கள் பட்டியலில் அதை அப்படியே திருப்பினால் ஒரு சிக்கல் வரும். காலையிலிருந்து பிற்பகலுக்கும், பிற்பகலிலிருந்து இரவுக்கும் மாறுபவர்களுக்கு 24 மணி நேரம் கிடைக்கும். இரவு அணியோ திங்கள் காலை 6 மணிக்குப் பணி முடிக்கும் அதே நொடியில் காலை ஷிப்டைத் தொடங்க வேண்டியிருக்கும். அந்த அணிக்கு மட்டும் திங்கட்கிழமையை வார விடுமுறையாக்கி, அன்றைய காலை ஷிப்டுக்கு மற்ற அணிகளிலிருந்து ஆள் ஒதுக்க வழி இருக்கிறதா என்று பணிப்பட்டியல் போடுபவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். வழி இல்லையென்றால், இப்போதைய சுழற்சியையே வைத்துக்கொண்டு, பிற்பகலிலிருந்து காலைக்கு மாறும் அணிக்கு ஞாயிறு விடுமுறையைக் கூட்டுவதை மாற்றுப் பரிந்துரையாக வையுங்கள். இரண்டுக்கும் சோதனைக் காலம், பொறுப்பாளர், செலவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பலனை அதே விகிதக் கணக்கால் அளப்போம் என்றும் எழுதிவிடுங்கள்.