முன்சக்கர ஆக்டேவியாவில் ஸ்டேஜ் 2 (இன்ஜின் சக்தியைக் கூட்டும் அடுத்த கட்ட ட்யூனிங்) போகலாமா, இல்லை குவாட்ரோவுக்கு (ஆடியின் நாலு சக்கர ஓட்டம்) மாறலாமா?
ஒரு யோசனை சொல்லுங்கள். 2020 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 கார் வைத்திருக்கிறேன், முன்சக்கர ஓட்டம், ஸ்டாக்கிலேயே (கம்பெனியிலிருந்து வந்தபடியே) 370 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). ஸ்டேஜ் 1 ரீமேப் (சக்தி கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) செய்தேன். காய்ந்த ரோட்டில் சுகம்தான், ஆனால் மழையில் இரண்டாவது கியரில் மிதித்தால் முன் டயர் சும்மா சுற்றுகிறது. முடுக்கும்போது எடை பின்னால் போய்விடுகிறது, திருப்புவதும் இழுப்பதும் அதே டயர்தான், பாவம் அது என்ன செய்யும்? எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் இருக்கிறது, சரி, அது டார்க்கை இரண்டு முன்சக்கரத்துக்குள் மட்டும்தானே பங்கு போடும்.

ஸ்டேஜ் 2-க்கு முன்னால் நல்ல டயர் போட்டால் போதுமா, இல்லை விற்றுவிட்டு பழைய ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக் பார்க்கலாமா? நாலு சக்கரமும் இழுக்கும், ஆனால் எடையும் செலவும் கூட (மைலேஜை வீட்டில் சொல்லவே மாட்டேன்). இரண்டையும் ஊட்டி மலைப்பாதையில் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?